மஞ்சள் கார் ஏன் இன்னும் போகவில்லை என்றால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் காரும் இங்கே சௌக்கியம். இரண்டு பேருக்கும் காலையில் எழுப்பும்போது முன்பக்கம் லேசாகக் கீச்சென்று ஒரு சத்தம், சூடேறினால் சரியாகிவிடுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு குளிரில் நடந்து, ஆபீஸில் நல்ல பேரோடு இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் மூச்சு விடுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஏறினவர்கள் கடைசி ஸ்டாப்பிங்கில்தான் இறங்க முடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலை மாறிப் போகும்போது சாவியை என் கையில் வைத்து, "இந்த ரெண்டு சீட்டு வண்டிய அங்க கொண்டுபோக முடியாதுப்பா, வித்துடுங்க. விளம்பரம் நானே போட்டுட்டேன். வர்றவங்களுக்குக் காட்டினா போதும்" என்றாய். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனை எடுத்ததும் "கார் போச்சாப்பா?" என்கிறாய். "இன்னும் இல்லம்மா" என்கிறேன். "சரி, இந்த வாரம் யார் வந்தாங்க, என்ன பேசினாங்க?" என்கிறாய். வந்தவன் சட்டை நிறம் வரைக்கும் கேட்டுக்கொள்கிறாய். இவ்வளவு விசாரிக்கிற பெண்ணுக்கு அப்பன் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கார் போகாததற்கு நான் காரணமே இல்லை.

முதல் குற்றவாளி அந்தக் கார்தான். அது கார் இல்லையம்மா, சக்கரம் வைத்த பாய். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன் நான். பக்கத்தில் போகிற கார்க்காரனின் வழுக்கையை மேலிருந்து பார்த்துப் பழகின கண்ணுக்கு இப்போது லாரி டயரின் நட்டு மட்டும்தான் தெரிகிறது. பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாயே, அதற்காக நீ போன வாரமே பார்க்கிங்குக்குப் போய் உள்ளே உட்கார்ந்தேன். உட்கார்வது சுலபம், விழுந்தால் போதும். ஸ்டார்ட் பண்ணினேன், அணைத்தேன், எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு கால் வெளியே வந்துவிட்டது, இன்னொரு கால் ஸ்டியரிங்குக்கு அடியில் நின்றுவிட்டது, இடுப்பு எந்தக் கட்சியில் சேருவது என்று தெரியாமல் நடுவில் தவித்தது. வேறு வழியில்லாமல் ஹாரன் அடித்தேன். செக்யூரிட்டி ஓடி வந்து "என்ன சார், வண்டிய எடுக்கணுமா?" என்றார். "வண்டி இருக்கட்டும்ப்பா, என்னை எடு" என்றேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க சார்?" என்று கேட்டார். "மூணாவது மாடி கடைசி வீடு, என் வீடுதான்" என்றேன். அவர் மேலே அண்ணாந்து பார்த்து, "அந்த வீட்டுல ஆள் இருக்காங்களா?" என்றார். எத்தனை வருஷமாக அந்தக் கேட்டைத் தாண்டிப் போய் வருகிறேன்! சொன்னால் சிரிப்பாய். நானும் சிரித்தேன், லிஃப்டில் ஏறின பிறகுதான் சிரிப்பு நின்றது.

இப்போது செக்யூரிட்டியும் நானும் நல்ல சிநேகம். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, இரண்டு தடவை பேசிக்கொள்கிறோம்.

அடுத்தது கிலோமீட்டர். இதற்காகத்தான் நீ மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பு, அனுப்பு என்று நச்சரித்தாய், நானும் போனில் கேமரா சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணி அணைப்பது வண்டிக்கு நல்லதில்லை என்று தோன்றியதால் தெருமுனை வரை போனேன். முனை வரை போனவன் மெயின் ரோடு வரை போனேன். மெயின் ரோடு வந்ததும், நான் ஒன்றும் செய்யவில்லையம்மா, கை தானாகத் திரும்பிவிட்டது. பதினேழாம் நம்பர் ரூட், நான் கடைசியாக ஓட்டின ரூட். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து, மார்க்கெட், ஆஸ்பத்திரி, தண்ணீர் டேங்க் வளைவு, கடைசியில் பழைய மில் கேட். முழுசாகப் போய்விட்டுத் திரும்பினேன். அடுத்த வாரமும். அப்புறம் வாரம் என்ற கணக்கு கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

அந்தத் தண்ணீர் டேங்க் வளைவை மட்டும் நான் உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். பஸ்ஸில் அங்கே ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு, வண்டி யோசித்துச் சம்மதிக்கிற வரை காத்திருக்க வேண்டும். இதில் அப்படி இல்லை. நான் திரும்பலாமா என்று நினைக்கும்போதே அது திரும்பி முடித்திருக்கிறது. கியர் விரலால் சொடக்குப் போடுகிற மாதிரி விழுகிறது. ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்கூட முதுகுத்தண்டுக்கு வந்து ஆஜர் சொல்கிறது. கூரையைத் திறந்துவிட்டால் காற்று வழுக்கையில் தபலா வாசிக்கிறது. இதற்குப் போய் இவ்வளவு காசு கொட்டினாயே என்று நீ வாங்கின அன்று உன்னைத் திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தத் திட்டை முழுசாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை அந்த வளைவை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வாய்விட்டுக் கத்தணும் போல இருந்தது. "பார்த்தியா!" என்று பக்கத்துச் சீட்டுப் பக்கம் திரும்பினேன். அங்கே மார்க்கெட்டில் வாங்கின வெங்காயப் பை உட்கார்ந்திருந்தது. கனத்தைப் பார்த்து ஆள் என்று நினைத்துக்கொண்டு கார் பீப் பீப் என்று உயிரை எடுத்ததால் நான்தான் அதற்கு பெல்ட் போட்டுவிட்டிருந்தேன். கேட்டதைக் கேட்டாயிற்று, பாதியில் விட்டால் நன்றாக இருக்காது என்று மில் கேட் வரைக்கும் அந்தப் பையிடமே பேசிக்கொண்டு போனேன். நல்ல பை. குறுக்கே பேசவில்லை.

இந்த லட்சணத்தில்தான் புரோக்கர் வந்தார். விளம்பரத்துக்கு ஆள் பிடித்து அனுப்ப நீயே ஏற்பாடு செய்தாயே, அந்தப் பழைய கார் புரோக்கர். மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். "பெரியவரே, பாப்பா சொன்ன கிலோமீட்டர் என்ன, இது காட்டுற கிலோமீட்டர் என்ன? இது என்ன, வாடகைக்கு விட்டீங்களா?" என்றார். பிறகு பானட்டின் மேல் சாயாமல் சாய்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். "ஃபேமிலி கார் வாங்குறவன் டிக்கியத் திறந்து பார்ப்பான். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறவன் கண்ணாடியில தன்னைப் பார்ப்பான். அதனால மனசு விழுந்துட்டா விலை பேச மாட்டான். புது வண்டி ஷோரூம விட்டு வெளிய வந்ததுமே விலை மாடிப்படியில உருள ஆரம்பிக்கும். கொஞ்சம் வயசானதும் உருள்றது நிக்கும். அதுக்கப்புறம் அது பொக்கிஷமா, பழைய இரும்பான்னு முடிவு பண்றது மீட்டருதான். ஓடாம, வெயில் படாம, மூடி போட்டு ஒரே இடத்துல நின்ன வண்டிக்குத்தான் ரீசேல் வேல்யூ ஏறும். நீங்க என்னடான்னா டிரிப் அடிச்சிருக்கீங்க!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் டிப்போவில் நின்ற வண்டியைத்தான் ஏளனமாகப் பார்ப்போம். ஓடுகிற வண்டிக்கு மாலை மரியாதை, நின்ற வண்டியில் ஸ்பேர் பார்ட்ஸ் கழற்றுவார்கள். இவர் உலகத்தையே தலைகீழாகச் சொல்கிறார். சரி, அவர் சொல்வதுதான் நியாயம் என்றால் நான் ரிட்டயர் ஆன நாளிலிருந்து ஓடாமல், வெயில் படாமல், மூணாவது மாடியில் ஒரே இடத்தில்தானே நின்றுகொண்டிருக்கிறேன்? பெயிண்ட் கொஞ்சம் போயிருக்கிறது, மற்றபடி ஒரே ஓனர், பெரிய விபத்து எதுவும் இல்லை. என்னை விலை கேட்டு ஒருத்தரும் வரவில்லையே. இதைப் புரோக்கரிடமே கேட்டேன். அவர் சிரிக்கப்போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ குடிக்கலாமா பெரியவரே?" என்றார். மேலே கூட்டிப்போய் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். மனுஷர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் விசில் வந்தான். விசிலை உனக்குத் தெரியும், என் கண்டக்டர். அவன் சட்டைப் பையில் சில்லறை இல்லாத நாள் உண்டு, வாயில் விசில் இல்லாத நாள் கிடையாது. ஊரின் அந்தக் கோடியில் மகன் வீட்டில் இருக்கிறான். காரைப் பற்றிச் சொன்னதும் பார்த்தே தீருவேன் என்று வந்துவிட்டான். பக்கத்துச் சீட்டில் அவனை இறக்கி வைத்து, பதினேழாம் நம்பரில் கிளம்பினேன். இங்கேதான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நிறுத்திக்கொண்டுதான் போகிறேன். வேண்டுமென்று இல்லை, கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் இந்த மஞ்சள் பல்லியை முறைப்பார்கள், நான் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுக் கிளம்புவேன். அன்றைக்கும் மார்க்கெட் ஸ்டாப்பில் நின்றேன். விசில் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஸ்டாப்பில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "உள்ள இடம் இல்ல, பின்னால வர்ற வண்டியில வாங்க!" என்று கத்திவிட்டு, காரின் கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி "ரைட், போலாம்" என்றான். கார் கிளம்பிற்று. இத்தனை மாசமாக ஸ்டாப்பில் நின்று எதற்குக் காத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மில் கேட் வரை போய்த் திரும்பும் வரை அவன் ஒரு ஸ்டாப்பைக்கூட விடவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டு வாசலில் அவனை வெளியே எடுக்க செக்யூரிட்டி, நான், இஸ்திரி போடுகிறவர் மூன்று பேரும் தேவைப்பட்டோம். நின்று முட்டியைத் தடவிக்கொண்டே, "டேய், இதுல இன்னொரு தடவை ஏறினா என்னை இதுலயே வச்சுத்தான் எடுத்துக்கிட்டுப் போகணும். இதோட போதும்டா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதற்குப் பிறகு வரவில்லை. முட்டி ஆபரேஷன் என்று மகன் போனில் சொன்னான்.

கடைசியாக வந்தவர்தான் பல் டாக்டர். அவருக்கு முன்னால் வந்தவர்களைப் பற்றியெல்லாம் போனிலேயே சொல்லிவிட்டேன். இவர் ஒல்லியாக, மரியாதையாக, எதையும் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். டெஸ்ட் டிரைவ் கேட்டார். முதலில் நான் ஓட்டிக் காட்டினேன். தண்ணீர் டேங்க் வளைவில், ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற மனுஷர் தன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில், திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கச்சிதமாக ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். பெரிய கட்டைப் பையோடு நின்ற ஒரு அம்மா, நிறுத்தினவன் காரணம் இல்லாமலா நிறுத்துவான் என்று நினைத்தார்களோ என்னமோ, டாக்டர் பக்கத்துக் கதவைத் திறந்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க தம்பி" என்றார்கள். டாக்டர் எவ்வளவு மரியாதைக்காரர் என்றால் தள்ளி உட்கார்ந்தேவிட்டார்! கியர் கம்பி மேல் பாதி ஏறிவிட்டார். அந்த அம்மாவும் பையை அவர் மடியில் வைத்துவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார்கள். நான்தான் "இது பஸ் இல்லம்மா" என்றேன். "அப்ப எதுக்கு ஸ்டாப்புல நிறுத்தினே?" என்றார்கள். பிறகு டாக்டர் என்னிடம் மெதுவாக, "சார், இதுவும் இந்த மாடலோட அம்சமா?" என்று கேட்டார்.

இவரும் ஓடிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். டெஸ்ட் டிரைவ், டீ, பேச்சு. ஒருநாள் அவரே சொன்னார்: "நாள் பூரா நான்தான் சார் பேசிட்டே இருக்கேன். எதிர்ல படுத்திருக்கவங்க யாரும் பதில் சொல்ற நிலைமையில இல்ல. வீட்டுக்குப் போனா அங்கயும் யாரும் இல்ல." வெங்காயப் பை விஷயத்தை உலகத்தில் அவர் ஒருத்தரிடம்தான் சொல்லியிருந்தேன், இப்போது உன்னிடம். அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்.

அவருக்கு வண்டி பிடித்துவிட்டது. உன் விலைக்கும் தலையாட்டிவிட்டார். உன்னிடம் சொன்னேன். நீ என்ன செய்தாய்? அன்றைக்கே விலையை ஏற்றினாய். மீட்டர் ஏறின வண்டிக்கு எந்தப் பைத்தியக்காரராவது விலையை ஏற்றுவாரா? கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கின பெண்ணாயிற்றே என்று எனக்குத் தலை சுற்றியது. இந்த அழுத்தம் உன் அம்மா வழி, என் பக்கத்தில் கிடையாது. புரோக்கர்கூட "பாப்பா சொன்னா சொன்னதுதான்" என்று வாயை மூடிக்கொண்டார். டாக்டர் இரண்டு வாரம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல சார், அந்த வளைவுக்காகக் குடுக்கலாம்" என்று ஏற்றின விலைக்கும் சரி சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. விற்பனைக் காகிதம் எழுத நாளைக்குப் புரோக்கரை வரச் சொல்லியிருக்கிறேன், எதற்கென்று நேரில்தான் சொல்லப்போகிறேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நீ சந்தோஷப்படுவாய். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். வந்தவர்களில் பாதிப் பேரை நான்தான் விரட்டினேன். ஒருத்தரிடம் கூரை ஒழுகும் என்றேன், ஒழுகாது. இன்னொருத்தரிடம் இந்தக் காரில் உட்கார்ந்து என் இடுப்பே போய்விட்டது என்று நொண்டிக் காட்டினேன். ஏனென்றால் நீ போன் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி "கார் போச்சாப்பா?" கார் போய்விட்டால் நீ எதைக் கேட்பாய்? "சாப்பிட்டீங்களா?" என்பாய், "சாப்பிட்டேன்" என்பேன். "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." அதோடு முடிந்தது. நாம் இருவரும் பேசிக்கொள்ள இந்தக் கார் ஒன்றுதான் இருக்கிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. நேரில் சொல்ல வெட்கம், போனில் சொல்ல நேரம் இல்லை. எனக்கு இங்கே தனியாக இருக்கிறதம்மா.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். கார் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் "கார் போச்சாப்பா?" என்றே கேள். நான் "போயிடுச்சும்மா" என்று சொல்கிறேன். அடுத்த வாரமும் கேள்.

நீ போகிற வழியெல்லாம் பச்சை விளக்கு விழவும், பிரேக் மிதிக்கிற இடத்தில் மிதிபடவும், இறங்குகிற இடத்தில் உனக்காக ஒருத்தர் நிற்கவும் வேண்டிக்கொண்டு ஆசீர்வதிக்கும்,

அப்பா

பின்குறிப்பு: கவரை மூடி ஸ்டாம்பும் ஒட்டின பிறகு திறந்து எழுதுகிறேன், கிழிசலைப் பொறுத்துக்கொள். புரோக்கர் வந்தார். டாக்டர் ஒத்துக்கொண்டார், காகிதம் எழுதுங்கள் என்றேன். மனுஷர் தலையில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ பெரியவரே, பாப்பா என்னைக் கொன்னுடும்!" என்றார். "விக்கிறதுக்கா விளம்பரம் குடுத்துச்சு? 'ஞாயித்துக்கிழமை ஒருத்தராவது எங்கப்பாவப் பார்க்க வரணும், கார் பைத்தியமா, பேசுற ஆளா பார்த்து அனுப்புங்க. விலைய யாரும் தொடாத இடத்துல நான் வச்சுக்கிறேன்'னு எனக்கு மாசாமாசம் கமிஷன் குடுக்குது. மீட்டர் ஓடிருச்சுன்னு சொன்னேன், 'நல்லா ஓடட்டும்ண்ணே'ன்னு சிரிக்குது. இந்த டாக்டர் ஏறின விலைக்கும் ஒத்துக்குவார்னு யார் கண்டா?" என்றார்.

அவருக்கு டீ போட்டேன், இந்தத் தடவை சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல, அதையும் குடித்தார். டாக்டருக்குப் போன் பண்ணி, மகள் மனசு மாறிவிட்டாள், மன்னிக்கணும் என்றேன். அவர், "அதனால என்ன சார்? ஞாயித்துக்கிழமை டெஸ்ட் டிரைவ் உண்டு இல்ல?" என்றார்.

ஆகவே மேலே எழுதினது எதையும் நான் எழுதவில்லை, நீயும் படிக்கவில்லை. ஞாயிறு கூப்பிடு, முதல் கேள்வியைக் கேள், நான் "இன்னும் இல்லம்மா" என்பேன். விலையை மட்டும் குறைத்துவிடாதே.